தப்பு உன் புரோகிராமில் இல்லை அக்கா

பத்து மாதமே மூத்தவளாகப் பிறந்தும், நினைவு தெரிந்த நாள் முதல் எனக்கு விட்டுக்கொடுத்தே பழகிவிட்ட என் சுந்தரி அக்காவுக்கு,

நீ போய் நாற்பது நாளாகிறது. நரிக்குடிப் பக்கம் இன்னும் ஒரு தூறல்கூட இல்லை. அத்தான் உரக்கடையைத் திறந்துவிட்டார், ஆனால் வருகிறவர்களிடம் அவ்வளவாகப் பேசுவதில்லை. திருச்சுழியில் உன்னைப் பெற்ற பெரியம்மா சாப்பிடத் தொடங்கிவிட்டாள். உட்கார்ந்து சாப்பிடுவதில்லை, நின்றபடியே இரண்டு வாய் போட்டுக்கொண்டு கையைக் கழுவிவிடுகிறாள். பெரியப்பாவுக்குச் சர்க்கரை கூடியிருக்கிறது. நான் அதே மில்லில்தான் இருக்கிறேன்.

சொல்ல வந்ததைத் தள்ளிப்போடத்தான் இப்படி ஊர்க்கதை பேசுகிறேன். உனக்குத் தெரியாத என் புத்தியா?

அக்கா, உன் புரோகிராமில் தப்பு இல்லை. ஏழு வருஷத்துக்கு முன்னால் நீ எழுதிய பதினோரு ஃபைலிலும் ஒரு வரிகூடத் தப்பில்லை. அது எனக்கு அப்போதே தெரியும். உனக்கு மட்டும்தான் கடைசிவரை தெரியாமல் போய்விட்டது.

உன் படத்துக்கு முன்னால் நின்று இதைத் தனியாகச் சொல்லிப் பார்த்தேன். ரொம்பச் சுலபமாக இருந்தது. அவ்வளவு சுலபமாக நான் தப்பித்துவிடக் கூடாது என்றுதான் நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். அவர்களுக்காக, உனக்குத் தெரிந்த சில விஷயங்களையும் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும். “வளவளன்னு இழுக்காதடி” என்று நீ சொல்வது கேட்கிறது. கொஞ்சம் பொறு.

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு இரும்புக்கடையின் மாடியில் மாணிக்கம் சார் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தினார். நாலு கம்ப்யூட்டர். அதில் ஒன்றில்தான் ஹார்ட் டிஸ்க் உண்டு. பாலிடெக்னிக் முடித்த கையோடு நாம் இரண்டு பேரும் அங்கே சொல்லிக்கொடுக்கப் போனோம். நீ திருச்சுழியிலிருந்து வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்தாய். கரண்ட் இருக்கும்வரை வகுப்பு, போய்விட்டால் மாடிப்படியில் உட்கார்ந்து அரட்டை. பழகினவர்கள்கூட நம்மை இரட்டைப் பிள்ளைகள் என்றுதான் நினைத்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் மில்லிலிருந்து ஆள் வந்தது. அங்கே டெஸ்டிங் ரூமில் ஒவ்வொரு மிஷினிலிருந்தும் நூற்றிருபது கஜம் நூலைச் சுற்றி எடுத்து எடை போடுவார்கள். அந்த எடையை வைத்து நூல் எத்தனையாம் நம்பர் என்று பார்ப்பார்கள். கால்குலேட்டரில் தட்டி முடிப்பதற்குள் பாதி ஷிப்ட் நூல் தப்பு நம்பரில் ஓடிவிடும். எடையை அடித்தவுடன் நம்பரைச் சொல்லி, எந்த மிஷின் பிசகுகிறது என்று திரையில் கோடு போட்டுக் காட்டுகிற மாதிரி ஒரு புரோகிராம் வேண்டும் என்றார்கள். “செஞ்சு குடுக்கிற பிள்ளையவே கம்ப்யூட்டர் செக்‌ஷன்ல எடுத்துக்கிறோம்” என்று ஸ்பின்னிங் மாஸ்டர் சொல்லியனுப்பியிருந்தார்.

உனக்கு நரிக்குடியில் மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்த நேரம் அது. பெரியப்பா கெடு வைத்தார். “கார்த்திகைக்குள்ள அந்த மில்லு வேலை வந்துச்சுன்னா ரெண்டு வருசம் பொறுப்போம். இல்லன்னா பேசாமப் பூ வச்சுக்கிருவோம்.” நீ ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. “வந்துரும்ப்பா” என்றாய்.

வந்திருக்கும் அக்கா.

திரையில் கோடு போடுவதற்காக, மதுரையில் ஒரு காலேஜில் யாரோ எழுதிய புரோகிராமை ஃப்ளாப்பியில் வாங்கி வந்தாய். அப்படியே ஓடுகிற புரோகிராம் அல்ல, எழுதிய மூலம் மட்டும். நம் மிஷினில் நாம்தான் அதைக் கம்பைல் செய்து, மிஷினுக்குப் புரிகிற வடிவத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். எந்த ஃபைலை முதலில் எடுப்பது, எதை எதோடு சேர்ப்பது என்று கம்ப்யூட்டருக்கு வரிசை சொல்லும் ‘மேக்’ ஃபைல் ஒன்றும் கூடவே இருந்தது. ஆனால் அது வேறு ஒரு கம்பெனியின் ‘மேக்’குக்காக எழுதியது. நம்முடையது இரண்டாவது வரியிலேயே முறைத்துக்கொண்டு நின்றது.

“தூக்கிப் போடுக்கா. மதுரைக்காரக மிஷினு வேற” என்றேன் நான்.

“வேறன்னா என்னடி? அவுக வீட்டு வழக்கத்துல எழுதிருக்காக. நம்ம வீட்டு வழக்கத்துக்கு மாத்திச் சொல்லிக் குடுப்போம்.”

பன்னிரண்டு நாள் மாத்திச் சொல்லிக்கொடுத்தாய். ஒவ்வொரு வரியாக எடுத்து, இதற்கு நம்மிடம் என்ன சொல், இந்தக் கட்டளை நம் கம்பைலரில் என்ன பெயரில் இருக்கிறது என்று பொறுமையாகப் பார்த்தாய். கடைசியில் திரையில் பச்சைக் கோடு ஏறி இறங்கியபோது நீ போட்ட கூச்சலில், கீழே இரும்புக்கடை அண்ணாச்சி தெருவில் வந்து நின்று, “மாடியில என்னம்மா இடிஞ்சு விழுந்துச்சு?” என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே ஒரு எரிச்சலும் வந்தது. அந்த எரிச்சலைப் பற்றி அப்போது நான் யாரிடமும் சொல்லவில்லை.

புரட்டாசிக்குள் உன் புரோகிராம் ஓடத் தொடங்கிவிட்டது. நாற்பதாம் நம்பர் நூலின் எடையை அடித்தால் நாற்பதை ஒட்டித்தான் காட்டியது. பிசகும் மிஷினின் பெயர் சிமிட்ட வேண்டும் என்று மில்லில் கேட்டிருந்த ஒன்று மட்டும் பாக்கி. “பூஜை முடிஞ்சு வந்து போட்டுர்றேன்” என்று சொல்லிவிட்டு, வீடு ஒட்டடை அடிக்கத் திருச்சுழிக்குப் போனாய்.

ஆயுத பூஜையன்று நான் சென்டரில் தனியாக இருந்தேன். மாணிக்கம் சார் மதுரையிலிருந்து புதுக் கம்பைலர் எட்டு ஃப்ளாப்பியில் வாங்கி வந்திருந்தார். “சுந்தரி வரட்டும். ரெண்டு பேருஞ் சேந்து ஏத்துங்க” என்று சொல்லிவிட்டுப் பொரி கடலை வாங்கப் போனார். எதற்கெடுத்தாலும் ‘சுந்தரி வரட்டும்’. நான் என்ன விளக்குமாறு பிடிக்கவா பாலிடெக்னிக் படித்தேன்? நானே ஏற்றிக் காட்டுகிறேன் என்று உட்கார்ந்தேன்.

மூன்றாவது ஃப்ளாப்பியில் டிஸ்க்கில் இடமில்லை என்றது. மணி நாலு. ஆறு மணிக்குப் பூஜை. சந்தனம் குங்குமம் வைத்துவிட்டால் மறுநாள் விஜயதசமிவரை மிஷினைத் தொடக் கூடாது. என்ன செய்வது என்று ஹார்ட் டிஸ்க்கைத் திறந்து பார்த்தேன். பழைய கம்பைலருக்குக் கீழே லைப்ரரி என்று ஒரு ஃபோல்டர், புதியதற்குக் கீழேயும் அதே பெயரில் ஒன்று. உள்ளே இருக்கிற ஃபைல்களும் பெரும்பாலும் அதே பெயர். ஒரே பெயரில் எதற்கு இரண்டிரண்டு என்று தோன்றியது. அன்று காலையில்தான் வீட்டில் அம்மாவோடு சேர்ந்து பரண் ஒழித்திருந்தேன். அதே கை. பழையதை அழித்துவிட்டு, புதியதையே இரண்டு கம்பைலருக்கும் பொதுவாக வைத்தேன். தாராளமாக இடம் வந்தது, மிச்ச ஃப்ளாப்பிகளும் ஏறின. பூஜைக்கு நேரமாகிவிட்டதால் ஓட்டிப் பார்க்கவில்லை. மானிட்டரின் நாலு மூலையிலும் சந்தனம் வைத்தேன். வருஷத்துக்கு ஒருநாள் சுத்தம் செய்கிற நாளில் ஹார்ட் டிஸ்க்கையும் சுத்தம் செய்த பெருமை வேறு.

படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். கம்பைலர் நாம் எழுதியதை மட்டும் வைத்து வேலை செய்யாது. எண்ணை அச்சடிப்பது, தசமப் புள்ளியோடு வகுப்பது போன்ற பொது வேலைகளைத் தன் லைப்ரரியிலிருந்து எடுத்துக்கொள்ளும். ஒரு பதிப்பின் கம்பைலருக்கு இன்னொரு பதிப்பின் லைப்ரரியைக் கொடுத்தால் சில நேரம் வெளிப்படையாகச் சண்டை போடும். சில நேரம் சத்தம் போடாமல் சேர்ந்துகொண்டு தப்பு விடை சொல்லும். இரண்டாவதுதான் மோசம். உனக்கு நடந்தது அதுதான்.

விஜயதசமிக்கு மறுநாள் நீ வந்தாய். உனக்கு ஒரு வழக்கம் உண்டு. பழைய துண்டுகளையெல்லாம் அழித்துவிட்டு, ஒவ்வொரு முறையும் முதலிலிருந்துதான் கம்பைல் செய்வாய். அடுப்பை மெழுகிவிட்டுச் சமைப்பதுபோல. அன்றும் அப்படியே செய்தாய். அதோடு ஓடிக்கொண்டிருந்த கடைசிப் பிரதியும் போயிற்று. புதிதாக வந்ததில் எடையை அடித்தாய். நாற்பது வர வேண்டிய இடத்தில் வாயில் நுழையாத ஒரு எண் மைனஸில் வந்தது.

நீ நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தாய்.

“ஏய் கலா, இதுல எதையும் தொட்டியாடி?”

“இல்லக்கா. துணி வச்சுத் தூசிதான் தட்டுனேன்.”

ஏன் அப்படிச் சொன்னேன்? சாரைக் கேட்காமல் ஏற்றியதற்குத் திட்டு விழுமே என்று வாயில் வந்தது. சத்தியமாக அந்த நிமிஷம் நான் செய்ததற்கும் உன் மைனஸுக்கும் சம்பந்தம் உண்டு என்று எனக்குத் தெரியாது. புதுக் கம்பைலர் ஏறியிருப்பதைப் பார்த்துச் சார் கேட்டபோது, ஃப்ளாப்பி போட்டேன், தானாக ஏறிக்கொண்டது, பழையதில் எதையும் தொடவில்லை என்று மழுப்பினேன். நீ ஒரு தடவை அந்த லைப்ரரி ஃபோல்டரைத் திறந்து தேதிகளைப் பார்த்திருந்தால் போதும், எல்லாம் புதுத் தேதி என்று கண்ணில் பட்டிருக்கும். நீ பார்க்கவில்லை. தொடவில்லை என்று நான் சொல்லிவிட்டேனே.

அதன்பிறகு நீ பட்ட பாடு. சிமிட்டுவதற்காகச் சேர்த்த வரிகள்தான் காரணம் என்று அவற்றை எடுத்தாய். சரியாகவில்லை. மதுரைப் பகுதியைக் கழற்றிவிட்டு ஓட்டினாய். மைனஸ் போகவில்லை. புதுக் கம்பைலரில் போட்டுப் பார்த்தாய். உன் ‘மேக்’ ஃபைல் அதற்குப் புரியவில்லை. அதையும் மாற்றி எழுதினால், மதுரைக்காரர் எழுதிய மூலத்தில் பக்கம் பக்கமாக எர்ரர் காட்டியது. திரும்பப் பழையதற்கு வந்தாய். சின்னச் சின்னதாக எழுதிச் சோதித்தாய். முழு எண்களில் கூட்டல் கழித்தல் எல்லாம் ஒழுங்காக வந்தன. அதனால் கம்பைலர் நன்றாகத்தான் இருக்கிறது என்று முடிவு செய்தாய்.

ஒரு வாரம் கழித்து மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டு சொன்னாய். “அப்ப முன்னாடி ஓடுனதே தப்பித் தவறித்தான் ஓடிருக்கு போலடி. எங்கையோ அடியிலயே தப்புப் பண்ணிருக்கேன்.” உன் குரலில் அழுகை இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பத்தாவது நாள் எனக்குத் தெரிந்துபோயிற்று. பழைய பேட்ச் பிள்ளைகளுக்குப் பழைய கம்பைலரில் வகுத்தல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஏழை இரண்டால் வகுத்தால் மூன்றரை. திரையில் வந்ததோ உன் மைனஸின் அண்ணன். வகுப்பை அப்படியே விட்டுவிட்டு ஃபோல்டரைத் திறந்து பார்த்தேன். என் கைங்கரியம் அங்கே வரிசையாக நின்றது.

ஸ்பின்னிங் மாஸ்டர் புரோகிராமைப் பார்க்க வர இன்னும் மூன்று நாள் இருந்தன. மூன்று நாள் அக்கா. பழைய ஃப்ளாப்பிகள் சாரின் பீரோவில் இருந்தன. அரை மணி நேர வேலை. நீ பக்கத்து நாற்காலியில்தான் இருந்தாய்.

பயம் என்று மட்டும் சொல்லி முடித்துக்கொள்ள ஆசையாக இருக்கிறது. பயம் இருந்தது. ‘தொடலைன்னு சொன்னியேடி’ என்று நீ கேட்பாயே என்ற பயம். ஆனால் அதற்கும் அடியில் ஒன்று இருந்தது. வீட்டில் எங்கம்மாவே “சுந்தரியப் பாத்துக் கத்துக்கடி” என்று சொல்லிச் சொல்லி வளர்த்தாள். முதல் தடவையாக உனக்கு ஒன்று வராமல் நீ முழித்துக்கொண்டிருந்தாய். அது எனக்குப் பிடித்திருந்தது. இன்னும் ஒருநாள் முழிக்கட்டும், நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாளும் அப்படித்தான் நினைத்தேன். மூன்று நாளும் அப்படியே போனது.

ஸ்பின்னிங் மாஸ்டர் வந்தார். நிஜ எடைகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். நீ ஒவ்வொன்றாக அடித்தாய். திரையைப் பார்த்துவிட்டு அவர் சிரித்தார். கெட்ட மனுஷன் இல்லை, தமாஷாகத்தான் சொன்னார். “என்னம்மா, நூலு எத்தனாம் நம்பருன்னு கேட்டா, நூலே இல்லைங்குது?”

நீயும் சிரித்தாய். உன் காது மட்டும் சிவந்திருந்தது.

கோயம்புத்தூரிலிருந்து ரெடிமேட் புரோகிராம் வாங்கிக்கொள்வதாகவும், அதில் உட்கார்ந்து வேலை பார்க்க ஒரு பிள்ளை வேண்டும் என்றும் சொன்னார். சார் உன்னைக் காட்டினார். நீ எழுந்து நின்று சொன்னாய்: “என் தங்கச்சிய எடுத்துக்கங்க சார். எனக்கு அவசரக் கை. அவதான் நிதானமானவ.”

உன் வாயால் வந்த அந்தச் சொல்லில்தான் எனக்கு வேலை கிடைத்தது. நீ இருந்தவரை இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொந்தத் திறமையில் வந்ததாகத்தான் ஊர் நினைத்துக்கொண்டிருக்கிறது.

நீ மூட்டையைக் கட்டிக்கொண்டு திருச்சுழிக்குப் போன பிறகு, மில்லில் சேர நான்கைந்து நாள் இருந்தபோது, ஒரு மத்தியானம் சார் சாப்பிடப் போன நேரத்தில் பீரோவைத் திறந்தேன். பழைய லைப்ரரியைத் திரும்ப ஏற்றினேன். உன் ஃப்ளாப்பியைப் போட்டு ‘மேக்’ அடித்தேன். பதினோரு ஃபைலும் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து போயின. ஒரு எர்ரர் இல்லை. மாஸ்டர் விட்டுப்போன தாள் மேஜையிலேயே கிடந்தது. அடித்தேன். நாற்பதை ஒட்டி வந்தது. ஆறாவது மிஷின் மட்டும் கொஞ்சம் பிசகியிருந்தது. அதன் பெயர் சிமிட்டியது. நீ கடைசியாகச் சேர்த்த வரிகள்.

அடுத்த பஸ்ஸிலேயே திருச்சுழிக்கு வந்தேன். உனக்கு ஞாபகமிருக்கும், முன்னறிவிப்பில்லாமல் வந்து நின்றேன் என்று பெரியம்மாகூட பதறினாள். சொல்லிவிடத்தான் வந்தேன். பஸ்ஸில் வரும்போது சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேதான் வந்தேன். வெள்ளிக்கிழமை பூ வைப்பதற்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.

நீ முற்றத்தில் மிளகாய் வத்தல் காயப்போட்டுக் கிளறிக்கொண்டிருந்தாய். என்னைக் கண்டதும் முகமெல்லாம் பல்.

“மில்லுல எப்பச் சேரப் போற? அந்தப் பச்சைச் சேலையக் கட்டிட்டுப் போ. நானே குடுத்து விடணும்னு நெனச்சேன்.”

“அக்கா, அந்தப் புரோகிராம்…”

“அத விடுடி. எனக்கு வரல. நல்லவேளை, மில்லுல போயி உக்காந்தப்பறம் தெரிஞ்சிருந்தா மானம் போயிருக்கும். இப்பவே தெரிஞ்சுக்கிட்டேன்.” வத்தல் காரத்தில் தும்மிவிட்டுச் சிரித்தாய். “மாப்பிள்ள பாக்க நல்லாத்தான் இருக்காக. உரக்கடை. என்ன, மூட்டையோட சேத்து என்னையும் எடை போட்டுப் பாக்காம இருந்தாச் சரி.”

நீ நிம்மதியாக இருக்கிறாய், எதற்குக் கலைக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எவ்வளவு சௌகரியமான நினைப்பு பார். பெரியம்மா போட்ட சோற்றைச் சாப்பிட்டேன். நாலு மணி பஸ்ஸில் திரும்பினேன். மடியில் உன் பச்சைச் சேலை இருந்தது. மறுநாள் வகுப்புக்கு வேண்டுமே என்று புது லைப்ரரியைத் திரும்பப் போட்டேன். அத்தோடு அந்த விஷயம் யாருக்கும் தெரியாமல் மூடிப்போயிற்று.

அதற்கப்புறம் கல்யாண வீடு, காதுகுத்து என்று பார்த்த இடத்திலெல்லாம் நீ என்னைத் தனியாக இழுத்துப் போய்க் கேட்பாய். “இப்ப என்ன கம்பைலரு ஓடுது? கோயம்புத்தூர்ப் புரோகிராமுல கோடு எப்படிப் போடுறாக?” நான் பாதி சொல்லிப் பாதி விழுங்குவேன். எனக்கு மில்லில் நல்ல பெயர், அக்கா. உன்னிடம் பேசிவிட்டு வந்த நாளில் மட்டும் மில்லில் யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுவேன். பிள்ளைக்காக நீ போகாத கோயில் இல்லை, பார்க்காத வைத்தியம் இல்லை. அதைப் பற்றிக்கூட இவ்வளவு பேசமாட்டாய்.

காமாலை இப்படி வந்து இப்படி முடித்துவிடும் என்று யார் நினைத்தோம்? மதுரை ஆஸ்பத்திரியில் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் மூன்று நாள் உட்கார்ந்திருந்தேன். நீ கண்ணைத் திறந்து பார்த்த நேரமெல்லாம் நான் ஆரஞ்சுப்பழம் உரித்துக்கொண்டிருந்தேன். அப்போதும் சொல்லவில்லை. சொன்னால் நீ சாகப் போகிறாய் என்று நான் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று ஒரு சாக்கு.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பும்போது அத்தான் என்னைக் கூப்பிட்டார். உரக் கம்பெனிக்காரர்கள் வருஷா வருஷம் கொடுக்கிற டைரி ஆறு இருந்தது. “இது ஒங்க படிப்பு சம்பந்தப்பட்டது போலம்மா. மத்தியானம் கடையச் சாத்திட்டு வந்து நான் கண்ணசருவேன். அவ இத வச்சுக்கிட்டு உக்காந்துருப்பா. ஸ்ரீராமஜெயம் எழுதுறான்னுல்ல நான் நெனச்சேன்.”

வீட்டுக்கு வந்து பிரித்தேன். அக்கா, முழுக்க அந்தப் புரோகிராம். கம்ப்யூட்டர் இல்லாமல், வெறும் பேனாவால், பதினோரு ஃபைலையும் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறாய். ஓரத்தில் சிவப்பு மையில் கேள்விகள். ‘இங்கே வகுக்கும்போது போகிறதோ?’ ‘இந்த எண்ணிக்கை ஒன்று கூடுதலா?’ ‘எடையை வாங்கும் இடத்தில் பார்க்க.’ ஒவ்வொரு சந்தேகத்துக்கும் ஒரு முறை முழுதாக எழுதிப் பார்த்திருக்கிறாய். வராது, விட்டுவிட்டேன் என்று என்னிடம் சிரித்தாயே. ஆறு வருஷமாக, இல்லாத தப்பைத் தேடிக்கொண்டிருந்தாயா?

நான்காவது டைரியில் ஆடி மாதத்துப் பக்கம் ஒன்று. நடுவில் தனியாக ஒரு வரி. ‘தசமம் மட்டும் கெடுகிறது. லைப்ரரி மாறியிருக்குமோ?’

கண்டுபிடித்துவிட்டாய் அக்கா. மிஷினே இல்லாமல், நரிக்குடியில் உட்கார்ந்துகொண்டு கண்டுபிடித்துவிட்டாய்.

அதற்குக் கீழே இப்படி எழுதியிருக்கிறாய்: ‘இருக்காது. கலா தொடவில்லை என்று சொன்னாள்.’ மேல்வரியை ஸ்கேல் வைத்து நேராக அடித்திருக்கிறாய். அடுத்த பக்கத்தில் மறுபடி முதல் ஃபைலிலிருந்து தொடங்கியிருக்கிறாய்.

அதைப் படித்த பிறகு என்னால் வேலைக்குப் போக முடியவில்லை. மூன்றாம் நாள் நரிக்குடிக்குப் போனேன். அத்தான் யாருக்கோ யூரியா எடை போட்டுக்கொண்டிருந்தார். அந்த ஆள் போகும்வரை நின்று, எல்லாவற்றையும் சொன்னேன். கம்பைலர், லைப்ரரி எல்லாம் அவருக்குப் புரிந்ததா தெரியவில்லை. நான் செய்தது புரிந்தது. தராசுத் தட்டை இறக்கி வைத்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்று இருந்தது.

“அவகிட்ட சொல்லிருக்கலாமேம்மா” என்றார். “ரெண்டு நாளு ஒங்கிட்டப் பேசாம இருந்துருப்பா. மூணா நாளு சிரிச்சுருப்பா. அவ்வளவுதான?”

பிறகு யூரியா மூட்டையின்மேலேயே உட்கார்ந்துவிட்டார். “கடைக்கு ஒரு கம்ப்யூட்டரு வாங்குவம்னு ஒரு தடவ கேட்டேன். எனக்கு வராதுங்கன்னா. நான் ஒரு கோவத்துல, ஒனக்கு எதுதான் வந்துச்சுன்னு கேட்டுட்டேன். பிள்ளை இல்லாததச் சொல்றேன்னு நெனச்சுக்கிட்டா. அன்னைக்குப் பூரா அழுதா.” அவரும் அழுதார். நான் உன் வாழ்க்கையை மட்டும்தான் கெடுத்தேன் என்று நினைத்திருந்தேன். அவர் வாயில் அந்தச் சொல்லை வைத்ததும் நான்தான்.

இன்னும் ஒருவர் பாக்கி. பெரியப்பா. திருச்சுழியில் யார் வீட்டுப் பெண்ணாவது கம்ப்யூட்டர் படிக்கக் கேட்டால், அவரிடம்தான் யோசனை கேட்க வருகிறார்களாம். “எம்பொண்ணே தலையால தண்ணி குடிச்சுப் பாத்தா. அவளுக்கே வரல. ஒங்க பிள்ளைக்கு எதுக்கு?” என்று சொல்லி அனுப்புகிறாராம். பெரியம்மா சொன்னாள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை போகிறேன். ஸ்பின்னிங் மாஸ்டரிடம் நேற்றே சொல்லிவிட்டேன், அவர் என்ன செய்தாலும் சரி என்று விட்டுவிட்டேன். பெரியப்பாவிடம் சொல்வதுதான் கஷ்டம். வெளியே போ என்பார். போகமாட்டேன். டைரிகளை அவர் முன்னால் பிரித்து வைத்துக்கொண்டு, அவர் காதில் ஏறும்வரை சொல்வேன். இனிமேல் அந்த வீட்டு வாசலுக்கு யோசனை கேட்டு வருகிறவர்களிடம் அவர் வேறு பதில் சொல்லும்வரை வாராவாரம் போவேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

உனக்கு வந்தது அக்கா. நல்லாவே வந்தது.

உன் சொல்லால் கிடைத்த நாற்காலியில் ஏழு வருஷமாக உட்கார்ந்திருக்கும்
உன் சித்தி மகள்,
கலா